அறுத்துப் பார்த்த உறைகள்

ராய்ஸ் கைக்குட்டையை டெல்பர்ட் வீட்டு மேசைமேல் வைத்துப் பிரித்தான். நீளவாக்கில் அறுத்த இரண்டு பித்தளைத் தோட்டா உறைகள் பளபளத்தன. எட்டு மாதமாக அவன் சட்டைப் பையில் இருந்தவை.

"என்னடா இது, உன் பொண்டாட்டிக்குக் கம்மலா?" டெல்பர்ட் சிரித்தபடி ஒன்றை எடுத்தான். ஆள்காட்டி விரல் இல்லாத கையில் அது நழுவி விழுந்தது.

போன ஜூனில் சுடும் மைதானத்தில் டெல்பர்ட்டின் கைத்துப்பாக்கி கையிலேயே வெடித்துச் சிதறியது. விரலோடு அவன் நடத்திய முடிவெட்டும் கடையும் போயிற்று. துப்பாக்கி பழசு என்றுதான் டெல்பர்ட் எல்லோரிடமும் சொன்னான். காலி உறைகளில் வெடிமருந்து நிரப்பித் தோட்டா செய்து கொடுத்த நண்பனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் சொல்கிறான் என்று ராய்ஸ் நினைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து டெல்பர்ட் வீட்டுப் புல்லை ராய்ஸ்தான் வெட்டினான். பனி விழுந்ததும் வாசலில் பனி அள்ளினான். வேறு கடை நாற்காலியில் உட்கார மனம் வராததால், அவன் தலைமுடி காதை மூடி வளர்ந்திருந்தது.

"ரெண்டையும் பாரு. என்ன வித்தியாசம்?"

"வெளியில ஒண்ணுமில்ல. அடியில முத்திரைகூட ஒண்ணுதான்."

"உள்ள பாரு."

ஒன்றின் உட்சுவர் வழவழப்பாக இறங்கியது. மற்றதில் பாதியில் தடித்து, சின்ன மேடைபோல் நின்றது.

"படி வெச்ச உறை," என்றான் டெல்பர்ட் மெதுவாக.

"அதேதான். உள்ள இடம் கம்மி. மத்ததுக்குப் போடுற அளவு வெடிமருந்தையே இதுலயும் போட்டா தாங்காது." ராய்ஸ் படி வைத்த உறையைத் தள்ளி வைத்தான். "மைதானத்துல சுட்டுப் போட்டதைப் பொறுக்கின உறைங்கடா. இரும்புல பித்தளை பூசினதைக் காந்தம் வெச்சு எடுத்துட்டேன். மீதியை முத்திரை பார்த்துப் பிரிச்சேன். உள்ள எட்டிப் பாக்கல."

"ஏன்?"

"ரேடியோவுல பேஸ்பால் ஓடிக்கிட்டு இருந்துச்சு."

ராய்ஸ் பார்வையைத் திருப்பினான். அலமாரியில் ராய்ஸ் கொடுத்த தோட்டாப் பெட்டிகள் இருந்தன. மூடியைச் சுற்றி நீல ஒட்டு நாடா, அதன்மேல் 'மே மாதம்' என்று அவன் கையெழுத்து. பாவம், அதற்கப்புறம் தொடவே பயந்திருப்பான்.

"நீ ஆஸ்பத்திரியில கிடந்த அன்னைக்கு, என்கிட்ட மிச்சமிருந்ததை அறுத்துப் பார்த்தேன். அஞ்சுல ஒண்ணு இப்படி. உனக்குக் குடுத்ததும் அதே குவியல்தான். சொல்ல வாய் வரலடா."

"இதுக்காகத்தான் இத்தனை நாளா பனி அள்ளினியா?"

"ஆமா."

"நான் என்னமோ என் மேல பாசம்னு நெனச்சேன்."

"பாசமும்தான். வேணும்னா போலீசுக்குச் சொல்லு. கடை வருமானம் போனதுக்கு வழக்குப் போடு. நான் எதுக்கும் மறுப்புச் சொல்ல மாட்டேன்."

டெல்பர்ட்டின் முகம் சிவந்தது. எழுந்து அலமாரிக்குப் போனான். பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி மேசையில் அடுக்கினான். நான்கு.

"எத்தனை குடுத்த?"

"நாலு."

ராய்ஸ் முதல் பெட்டியைத் தடவினான். நாடா கிழியவில்லை. இரண்டாவதைத் திருப்பினான். மூன்றாவதை. நான்காவதை.

"நீ மேட்ச் கேட்டுக்கிட்டேதான் உறை பிரிப்பேன்னு ஊருக்கே தெரியும்டா," என்றான் டெல்பர்ட், தரையைப் பார்த்தபடி. "வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல முடியல. ரகசியமா தோட்டா நிரப்புற கருவி ஒண்ணு வாங்கி, நானே உக்காந்து..."

"நீயா? உனக்கு இதெல்லாம்..."

"தெரியாதுதான்."

வெளியே ராய்ஸ் அள்ளிக் குவித்த பனி ஜன்னல் பாதிவரை உயர்ந்திருந்தது. டெல்பர்ட் அதைப் பார்த்தான். பிறகு நண்பனின் காதை மூடிய முடியைப் பார்த்தான்.

"அன்னைக்கு வெடிச்சது நான் செஞ்சது, ராய்ஸ்."