காண்ட்ராக்டரை விசாரிக்க வந்தவள்

“சுவரை அப்புறம் பாக்குறேங்க. கட்டும்போது சாரம் எதுல போட்டிருந்தாங்க, சவுக்கு மரமா, இரும்புக் குழாயா?” என்று கேட்டாள் ஜெனிஷா.

வரிச்சிக்குடியில் புதிதாக மாடி வீடு கட்டிக் குடியேறியிருந்த சொர்ணாம்பாளுக்கு முகம் சுண்டிப்போனது. பின்னே, காண்ட்ராக்டர் எப்படி என்று விசாரிக்க வந்தவள் மார்பிள் தரையைத் திரும்பிக்கூடப் பார்க்காவிட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? இரும்புக் குழாய்தான் என்று வேண்டாவெறுப்பாகச் சொல்லிவைத்தாள்.

ஜெனிஷா விடுகிற ஆளா? காண்ட்ராக்டர் நவநீதன் தினமும் நேரில் வந்தாரா, கான்கிரீட் போட்ட அன்று கூடவே நின்றாரா, மழை நாளில் வேலையை நிறுத்தினாரா என்று துருவித் துருவிக் கேட்டாள். மழை என்றதும் சொர்ணாம்பாளுக்குப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது.

“அதை ஏம்மா கேக்குற. தூறல் போட்டாலே ஒருத்தரையும் மேல ஏற விடமாட்டாரு. கிரகப்பிரவேசத்தையே ரெண்டு மாசம் தள்ளிவெக்க வேண்டியதாப் போச்சு.”

வேறொருத்தியாக இருந்தால் இந்த ஆளே வேண்டாம் என்று போயிருப்பாள். ஜெனிஷாவுக்கோ மனசுக்கு இதமாக இருந்தது. முன்பு ஒரு காண்ட்ராக்டரை நல்லவர் என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு வார்த்தை விசாரிக்காமல் விட்டதில் குடும்பமே தெருவுக்கு வரப் பார்த்தது. இன்னொரு தடவை அப்படி ஆனால் எழுந்திருக்கவே முடியாது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

சுரக்குடிக்குப் பஸ் ஏறி அங்கே நவநீதன் கட்டிய ஒரு வீட்டில் கேட்டாள். பிறகு பூவத்துக்கும் போனாள். அங்கே வீட்டுக்காரர் நூருல் அமீன் டீ கொடுத்து, எத்தனை ரூம் வைத்துக் கட்டப்போகிறீர்கள் என்று ஆசையாக விசாரித்தார். சிரித்து மழுப்பிவிட்டு, சாரத்தைப் பற்றி அவரிடமும் கேட்டாள்.

மறுநாள் காலை நவநீதனின் ஆபீசுக்கே போய் நின்றாள். அதற்குள் மூன்று வீட்டிலிருந்தும் அவருக்குப் போன் வந்திருந்தது. இந்தப் பார்ட்டி வேலை முடிவதற்குள் நம் உயிரை வாங்கிவிடும் என்று உள்ளுக்குள் பயந்தாலும், தேடி வந்த வேலையை விட அவருக்கு மனம் வரவில்லை.

“என்னைப் பத்தி நல்லாவே விசாரிச்சிட்டீங்க போல. உக்காருங்கம்மா. மனை எந்தப் பக்கம் இருக்கு?”

“மனையும் இல்ல, வீடும் இல்லங்க” என்றாள் ஜெனிஷா. “போன வருஷம் வேற ஒருத்தர் சைட்டுல மாடியிலேர்ந்து விழுந்து ஆறு மாசம் படுக்கையில கிடந்த கொத்தனார் ஆன்டோ என் வீட்டுக்காரரு. அவரை நீங்க வேலைக்குக் கூப்பிட்டிருக்கீங்களாமே, திங்கக்கிழமையிலேர்ந்து அனுப்புறேன்.”