மூன்று லைனும் படுத்த மதியம்

தூத்துக்குடிக்கு வெளியிலிருந்து இணையம் வரும் வழிகள் மூன்று: கடலடி கேபிள், சென்னை லைன், செயற்கைக்கோள். ஒன்று படுத்தால் அதன் சுமையை அடுத்ததற்குத் திருப்பிவிடுவதுதான் கட்டுப்பாட்டு அறையில் மெர்லினின் வேலை. அன்று மதியம் மூன்றும் ஒருசேரப் படுத்துவிட்டன.

"ஊரே துண்டாப் போச்சுக்கா! வெளியூர் போன் ஒண்ணும் வராது," என்று பக்கத்து நாற்காலி ராயப்பன் தலையில் கைவைத்தான்.

அப்போது மெர்லினின் போன் அடித்தது. கத்தாரில் வேலை பார்க்கும் அவள் புருஷன் இன்னாசி.

"சாப்ட்டியா புள்ள?" அதே கொஞ்சல், நடுவில் அதே இருமல்.

திரையைப் பார்த்தாள். மூன்று லைனும் சிவப்பு. அப்படியென்றால் இந்தக் குரல் பக்கத்து அறையிலிருந்துதான் வரவேண்டும். பேச நேரமில்லாதவர்களுக்காக அவர்கள் குரலிலேயே பேசும் இயந்திரம் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது. அப்படிப் பேசச் சொல்லிப் பதிவு செய்தவர்களுக்குப் பதிலாக மட்டுமே அது பேசும்.

அந்த அறைக் கதவைப் பார்த்தபடியே கேட்டாள்: "உண்மையச் சொல்லுங்க. எங்கூடப் பேச அந்த மிஷினையா விட்டிருக்கிய?"

"ஒனக்கென்ன கிறுக்கா? ஈஸ்டர் அன்னிக்கே மாதா மேல சத்தியம் பண்ணேம்லா, நமக்குள்ள அந்தக் கருமம் வேண்டாம்னு?"

மெர்லினுக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தச் சத்தியமும் போனில்தான் வந்தது.