நம்ம ஆளுங்க

மகனுக்கு உள்ளூர்க்காரர்களின் அமைப்பில் தெருப் பொறுப்பு கிடைத்ததில் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஃபேக்டரி வேலை போனதிலிருந்து முடங்கிக் கிடந்த பிள்ளை, இப்போதுதான் நிமிர்ந்து நடக்கிறான்.

"செயலாளர் முதல் தடவையா நம்ம வீட்டுக்கு வர்றாரும்மா. டீ நல்லா இருக்கணும்" என்று அடுப்படிக்கே வந்து சொல்லிவிட்டுப் போனான்.

செயலாளர் நாலு பேரோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். குரலை உயர்த்தாமலே பேசினார்.

"மேல இருக்கிற பெரிய மனுஷங்க, கூலி மிச்சம்னு வேற மொழிக்காரங்களைக் கூட்டியாந்து நம்ம வயித்துல அடிச்சுட்டாங்க. அந்தப் பெரிய மனுஷங்களை நம்மால அசைக்க முடியாது. வந்தவங்களை விரட்ட முடியும். நாளைக்கு உன் தெருவுல ஆரம்பிக்கறோம். எந்தெந்த வீடுன்னு நீதான் காட்டணும்."

"காட்டறேண்ணே" என்றான் மகன்.

அடுப்படியில் அம்மாவின் கையிலிருந்து பாத்திரம் நழுவி, கொதிக்கிற டீ காலில் கொட்டியது. பெற்ற தாயைக் கூப்பிட்டு அலறினாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து யார் காதிலும் விழாமல் அடக்கி வைத்திருந்த தன் சொந்த மொழியில் அலறிவிட்டாள்.

கூடத்தில் இருந்தவர்கள் அடுப்படிப் பக்கம் திரும்பினார்கள்.

"யாரது?" என்றார் செயலாளர்.

ஓடி வந்து தாங்குவான் என்று அவள் கதவைப் பிடித்தபடி மகனையே பார்த்தாள். அவனும் அவளைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

"வீட்டு வேலைக்கு வச்சிருக்கோம்ணே" என்றான். "எந்த ஊர்க்காரின்னு விசாரிக்காம சேர்த்துட்டோம்."

செயலாளர் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"பரவாயில்ல தம்பி. நாளைக்கு இங்கேருந்தே ஆரம்பிச்சுடலாம்."