திரும்பாத கழுத்து

"இந்தாங்க, உங்களைத்தான்!"

தையல் மெஷினில் உட்கார்ந்தபடி கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். முன்னால் நாற்காலியில் இருந்த புருஷன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மெஷின் சத்தத்தில், முகம் பார்க்காமல் பேசினால் அவருக்குப் புரியாது. முன்பெல்லாம் அவர் திரும்பிக்கொள்வார்; தைக்கிற கை நிற்காமலே அவரிடம் பேசி முடித்துவிடுவாள். இப்போது முடியுமா? துணியை விசிறிவிட்டு எழுந்து, சுற்றிக்கொண்டு போய் அவர் முகத்துக்கு எதிரே நின்றாள். "கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு!"

அவர் சிரித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சர்க்கரை வியாதி பிடரியிலும் முதுகிலும் தோலைத் தடிக்கவைத்து, கழுத்தைக் கட்டையாக இறுக்கிவிட்டது. ஒளி சிகிச்சையில் தோல் இளகும் என்றார் டாக்டர். மாதக்கணக்கில் அந்த விளக்குப் பெட்டிக்குள் நின்றும் கழுத்து அசைந்த பாடில்லை. ஒரு தடவை திரும்பிப் பார்க்க மாட்டாரா என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

சாலையைக் கடக்கும்போது வேகமாக இறங்கியவளைக் கையைப் பிடித்து இழுத்தார். "அந்தப் பக்கம் வண்டி வருது, பார்த்து!"

"ஆமா, இருக்கிற எரிச்சல்ல வண்டி ஒண்ணுதான் குறைச்சல்" என்று முணுமுணுத்தாள்.

அவர் விளக்கு அறைக்குள் போனதும் நர்ஸைப் பிடித்துக்கொண்டாள். "என்னம்மா வைத்தியம் பண்றீங்க? கல்லைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாக்கூட இந்நேரம் இளகியிருக்கும். இவரு கழுத்து எப்பத்தான் திரும்பும்?"

நர்ஸ் விழித்தாள். "கழுத்தா? அது போன மாசமே நல்லாத் திரும்ப ஆரம்பிச்சிடுச்சே அக்கா! இப்ப முதுகுக்குத்தான் லைட் குடுக்கிறோம். உங்ககிட்ட சொல்லலையா?"

அவள் விறுவிறுவென்று விளக்கு அறை வாசலுக்குப் போனாள். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தவர் மேல் பாய்ந்தாள்.

"எல்லாம் தெரிஞ்சுபோச்சு! தொண்டை கிழியக் கத்தினேனே, கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தீங்களே! எதுக்கு இந்த நாடகம்?" கோபத்தில் அழுகையே வந்துவிட்டது.

யாராவது கேட்கிறார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"திரும்பிட்டா நீ மெஷின்ல இருந்தே பேசிடுவியே... எதிர்ல வந்து நிக்க மாட்டியே!"