மாப்பிள்ளை அவர்களே

படுக்கையிலிருக்கும் சூசைக்குச் சோறூட்டும் இயந்திரத்தின் முழங்கை மூட்டுதான் தேய்ந்திருந்தது. மெக்கானிக் செல்வின் அதைச் சரிசெய்திருக்கலாம். "புதுசே வாங்கிருங்கக்கா" என்று சூசையின் மகள் ரோஸ்லினிடம் சொல்லி, பழையதை உடைக்க அனுப்பிவிட்டான்.

புதியது வந்ததிலிருந்து சூசை வாய் திறக்கவில்லை. பழையது அவரை "மாப்ளே" என்றுதான் கூப்பிடும். அவரே கேலியாகச் சொல்லிக்கொடுத்தது. செல்வின் புதியதற்கும் அந்தச் சொல்லைப் பழக்கிப் பார்த்தான்.

"மாப்பிள்ளை அவர்களே, உணவருந்துங்கள்" என்றது அது. மரியாதையைக் குறைக்க அதில் வழியில்லை.

செல்வினே கரண்டியை எடுத்தான்.

"மாப்ளே, வாயத் தொற. கஞ்சி ஆறுது."

சூசை அவனை உற்றுப் பார்த்தார்.

"நீ ஏம்ல ஊட்டுத? நம்ம பழையவனுக்கு மேலுக்கு முடியலியா?"

ரோஸ்லின் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஆமா, பெரிப்பா" என்றான் செல்வின்.

"அப்போ அவன் சொகமாயி வரட்டும். சேந்து சாப்பிடுதோம்."