நான்காவது போர்ட்

“லைன்ல ஒரு கோளாறும் இல்ல சார். எடைக்காரர் கண்ணைத்தான் செக் பண்ணணும்.”

காலை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் கேபிள் இப்படித்தான் அடித்துச் சொன்னான். அந்தப் பெயிண்ட் ஃபேக்டரியில் கம்ப்யூட்டரும் ஒயரும் அவன் பொறுப்பு என்பதால் வந்த பெயர் அது. எழுந்து போய் எடை ரூமை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே தீர்ப்பு வழங்கிவிட்டான்.

விஷயம் இதுதான். ஐம்பத்துமூன்று கிலோ நீலப்பொடி என்று எடை ரூம் டெர்மினல் திரையில் வந்ததை எடைக்காரர் அறுபத்துமூன்று என்று படித்துக் கொட்டியதில், நேற்று ஒரு டேங்க் பெயிண்ட் பாழாகிவிட்டது. அதற்கு முன்பே, “எழுத்து சரியாத் தெரியல தம்பி” என்று அவர் இரண்டு தடவை கேபிளுக்குப் போன் செய்திருந்தார். இரண்டு தடவையும் “பாக்கறேண்ணே” என்றவன், போனை வைத்ததும் மறந்துபோனான்.

மானேஜர் நாளைக்கே கண் டாக்டரிடம் அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டார். டெஸ்டில் தேறாவிட்டால் எடைக்காரருக்கு வேலை இல்லை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் அம்பேல்.

“எல்லா போர்ட்டும் சரியா இருக்குன்னு எழுத்துல ஒரு ரிப்போர்ட் குடுத்துடுய்யா” என்றார் மானேஜர். புது சர்வரை வைத்து, டெர்மினல், தராசு, பிரிண்டர் என்று ஒயர் செருகும் பதினாறு போர்ட்டுக்கும் போன வாரம் செட்டிங் போட்டவன் கேபிள்தான். ஒரு கையில் போனில் மனைவியோடு சண்டை, மறு கையில் செட்டிங். இப்போது ரிப்போர்ட்டுக்காக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவன் நான்காவது போர்ட்டில் நின்றுவிட்டான்.

மற்ற பதினைந்திலும் பாரிட்டி என்கிற சரிபார்ப்புக் கணக்கு ‘இல்லை’ என்றிருக்க, நான்காவதில் மட்டும் ‘இரட்டை’ என்று இருந்தது. சர்வர் ஒரு கணக்கில் அனுப்பும், டெர்மினல் வேறு கணக்கில் படிக்கும், நடுவில் எழுத்து குட்டிச்சுவராகும். அந்த போர்ட்டில் இருப்பது எடை ரூம் டெர்மினல்.

எடைக்காரர் சாப்பிடப் போன நேரம் பார்த்துத் திருடனைப்போல உள்ளே நுழைந்தான். திரையில் ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, எட்டு வரவேண்டிய இடத்திலெல்லாம் கோணல்மாணலாக ஏதேதோ குறிகள். பூஜ்யம், மூன்று, ஐந்து, ஆறு, ஒன்பது மட்டும்தான் ஒழுங்காக வந்தன. இந்த லட்சணத்தில் வந்தால் யாருக்குத்தான் படிக்க வரும் என்று அவனுக்கே அவன்மேல் கோபம் வந்தது.

மேஜைமேல் எடைக்காரரின் மூக்குக்கண்ணாடித் துணி கிடந்தது. துடைத்துத் துடைத்து அது நூல்நூலாகப் போயிருந்தது. பாவி, ஒரு நல்ல மனுஷனைக் குருடனாக்கி நடுத்தெருவில் நிறுத்தப் பார்த்தேனே என்று கேபிள் அந்தத் துணியை மடித்து வைத்தான். செட்டிங்கைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்றும் ஒரு நினைப்பு வராமல் இல்லை.

ஆனால் கால் மானேஜர் ரூமுக்குத்தான் போனது.

“தப்பு என்னோடது சார். நான்தான் செட்டிங்க மாத்திப் போட்டுட்டேன்.”

மானேஜர் பேனாவை மூடினார். “காலையில அவ்வளவு பேர் முன்னால என்னய்யா சொன்ன?”

“புத்தி இல்லாம சொல்லிட்டேன் சார்.”

“அப்ப அவர் கண்ணு நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கு சார். அதுக்கு நான் கேரண்டி.”

ஐந்து நிமிஷம் வாங்கிக் கட்டிக்கொண்டான். மெமோவும் வந்தது. ஆனால் அவன் கண்ணெதிரிலேயே மானேஜர் டாக்டருக்குப் போன் போட்டு, நாளைக்கு யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். கேபிளுக்கு மெமோகூட இனித்தது.

சீட்டுக்குப் போய் நான்காவது போர்ட்டைச் சரிசெய்து, சேவ் செய்து, மறுபடி ஒரு தடவை சரிபார்த்துவிட்டு எடை ரூமுக்கு ஓடினான். திரையில் ஒன்றிலிருந்து ஒன்பதுவரை எல்லா எண்ணும் கண்ணாடிபோலப் பளிச்சென்று நின்றன. எடைக்காரர் அப்போதுதான் கை கழுவிவிட்டு வாசலில் வந்து நின்றார்.

“அண்ணே, உங்க கண்ணுல ஒண்ணுமில்ல. எல்லாம் நான் பண்ணின கூத்து. நாளைக்கு டெஸ்டும் கிடையாது, கேன்சல் பண்ண வெச்சுட்டேன்.”

எடைக்காரர் ஈரக் கையோடு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “நெஜமாவா தம்பி? ஒரு வாரமா தூக்கமே இல்ல. வீட்டுலகூட மூச்சு விடல.”

“என்னை நாலு திட்டு திட்டுங்கண்ணே. அப்பத்தான் எனக்கு மனசு ஆறும்.”

“அட போ தம்பி. தப்பை ஒத்துக்க எத்தனை பேர் வர்றான்? நீ வந்தியே, அது போதும்.”

கேபிள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை டெர்மினல் முன்னால் உட்கார வைத்தான். நெஞ்சில் ஏற்றியிருந்த பாரத்தை இருவரும் ஒன்றாக இறக்கி வைத்ததுபோல் இருந்தது. “இப்பப் பாருங்கண்ணே, எப்படி இருக்குன்னு!”

எடைக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோனார். அப்படியும் இப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, மெதுவாக அவன் பக்கம் திரும்பினார்.

“இன்னும் சரி பண்ணலியா தம்பி? அப்படியேதானே இருக்கு?”