பட்டம் கட்டியவர்

"தலைய வெட்டிட்டாம்பா! யாரு பட்டம் கட்டி வெச்சாரோ, அவரு தலையவே!"

ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில், பக்கத்து சீட்டு சாம்சன் இப்படிச் சொன்னதும் கொம்பையாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"யாருண்ணே?"

"மாயா ராஜாங்க. ஆயிரத்து முந்நூறு வருஷம் முன்னாடி, மெக்சிகோவுக்குக் கீழ. வீடியோ பாத்துகினு இருந்தேன். கோபான்னு பெரிய ஊரு. அந்த ராஜா, குய்ரிகுவான்ற சின்ன ஊருக்கு ஒருத்தனை ராஜாவா உக்கார வெச்சாரு. பதிமூணே வருஷம். உக்கார வெச்சவரையே புடிச்சு, காலி!"

கொம்பையா சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். உள்ளே கவர். நேற்று ஹெச்.ஆர். கொடுத்தது. ஒன்றாம் தேதியிலிருந்து மூன்றாம் லைனுக்கு அவன்தான் சூப்பர்வைசர். அதுவரை யாரிடமும் மூச்சு விடக் கூடாதாம். இப்போதைய சூப்பர்வைசர் சாம்சன். கான்ட்ராக்டில் வந்த அவனைக் கைதூக்கிவிட்டு லைன் லீடர் ஆக்கியதும் இதே சாம்சன்தான். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்களே, அது நாமா என்று நெஞ்சு குறுகுறுத்தது.

ஆனாலும் கதையை விட மனம் வரவில்லை.

"பெறவு? பெரிய ஊருக்காரங்க சும்மாவா விட்டாவ?"

"விட்டாங்களே! ரொம்ப வருஷம் அந்தப் பெரிய ஊர்ல ராஜா பேரை வெட்டி ஒரு கல்லு கூட நடல. இந்தச் சின்ன ஊர்க்காரன் நட்ட கல்லுதான் எல்லாத்தையும் விட உசரம்."

"அவம் ஏம்ணே அப்படிச் செஞ்சாம்?"

"அதான் தெரில. மூணு தபா பாத்துட்டேன். தலைய எடுத்த தேதி கூட கல்லுல கீது. அவன் மனசுல இன்னா இருந்துச்சுன்னு மட்டும் இல்ல."

பஸ் தண்டலத்தைத் தாண்டியது. சாம்சன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எல்லாம் தெரிந்துதான் குத்திக்காட்டுகிறார் என்று கொம்பையாவுக்கு உறுதியாகிவிட்டது. அவமானம் தாங்காமல் கவரை உருவி அவர் கையில் கொடுத்தான்.

"சத்தியமா நான் கேக்கலண்ணே. உங்க எடத்தை எனக்குக் குடுத்திருக்காவ. வேண்டாம்னு எழுதிக் குடுத்திருதேன்."

சாம்சன் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ஓ, நீதானா? நல்லாரு. யாருக்குத் தருவாங்கன்னு எனக்கே தெரியாது."

பிறகு தன் பையிலிருந்து அதே மாதிரி ஒரு கவரை எடுத்தார்.

"நான் என் கதையத்தாம்பா சொல்லிகினு இருந்தேன். என்னை சூப்பர்வைசராக்குன பாண்டுரங்கன் சாரை வூட்டுக்கு அனுப்பறாங்க. அந்த மேனேஜர் சீட்டு எனக்கு. கேட்டு வாங்குனதே நான்தான்."